கடன் வசூலும் கடன் பதிவும்: கடனாளிக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு

வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போவது இந்தியச் சட்டத்தில் குற்றமல்ல. அது ஒப்பந்தத்தை மீறிய செயல் மட்டுமே. கடன் கொடுத்தவர் உரிமையியல் நீதிமன்றத்துக்கோ கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கோ சென்று பணத்தைக் கேட்கலாம். காவல் நிலையத்தை வசூல் அலுவலகமாகப் பயன்படுத்தும் உரிமை அவருக்கு இல்லை. கடனாளிகளில் பலருக்கு இந்த வேறுபாடு தெரியாது. ‘நாளைக் காலைக்குள் கட்டாவிட்டால் வாரண்ட் வரும்’ என்ற தொலைபேசி மிரட்டல் பலிப்பதற்கு அதுவே காரணம்.

அமெரிக்காவில் வசூல் முகவர்களைக் கட்டுப்படுத்த 1977-இலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் அப்படி ஒரே சட்டம் இல்லை. ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள், மாநிலத்தின் கந்துவட்டித் தடைச் சட்டம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குற்றவியல் சட்டம், உரிமையியல் நடைமுறைச் சட்டம் எனக் கடனாளிக்கான பாதுகாப்பு பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. எந்த இடத்தில் முறையிடுவது என்பது கடன் கொடுத்தவர் யார் என்பதைப் பொறுத்தது. தண்டல்காரர் மீதான புகாரை ரிசர்வ் வங்கிக்கு அனுப்பிப் பயனில்லை. வங்கியின் வட்டி அதிகம் என்று கந்துவட்டிச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுக்கவும் முடியாது.

நீதிமன்றம் எதைத் தொடும், எதைத் தொடாது

கடன் கொடுத்தவர் வழக்கில் வென்று தீர்ப்பாணை பெற்றாலும் கடனாளியின் உடைமை எல்லாம் அவருக்குப் போய்விடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு ஜப்தி செய்யக் கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது. உடுதுணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற அணிகள், கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏர், மாடு, விதைநெல், கூலித் தொழிலாளியின் கூலி, வருங்கால வைப்பு நிதி ஆகியவை அதில் அடங்கும். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. கணக்குக்கு எடுக்கப்படும் சம்பளம் 31,000 ரூபாய் என்றால் 21,000 ரூபாய் ஊழியருக்கே சேர வேண்டும். 10,000 ரூபாயை மட்டுமே பிடிக்கலாம். அதுவும் ஒரே தீர்ப்பாணைக்காக மொத்தம் 24 மாதங்களுக்கு மேல் பிடிக்க முடியாது.

கடனுக்காக உரிமையியல் சிறையில் அடைக்கும் வழி சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால், கையில் வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏய்ப்பவருக்கே அது பொருந்தும். வறுமையால் கட்ட முடியாதவரைச் சிறைக்கு அனுப்புவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுக்கு முரணானது என்று, ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் பாங்க் ஆஃப் கொச்சின் வழக்கில் 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு நிலைநாட்டியது. பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்களைக் கைது செய்யவே கூடாது என்கிறது 56-ஆம் பிரிவு.

கடனைக் கட்டாதது குற்றமல்ல என்பதற்கு முக்கியமான விதிவிலக்கு காசோலை. பணமில்லாமல் காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு குற்றவியல் வழக்குக்கு இடமளிக்கிறது. காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் கடன் கொடுத்தவர் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் கடனாளி பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கு இல்லை. கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குத் தொடுக்கலாம். 2 ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம் விதிக்க வழியுண்டு. வங்கிக் கணக்கிலிருந்து தானாகத் தவணை பிடிக்கும் ஆணை பணமின்றித் திரும்பினாலும், 2007-ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா, தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு இதே விளைவைத் தருகிறது. கையெழுத்து மட்டும் போட்டு வெற்றுக் காசோலைகளைக் கொடுத்து வைப்பது கடனாளியை எவ்வளவு பலவீனமாக்குகிறது என்பது இதிலிருந்து விளங்கும். 15 நாள் கெடுவைத் தவறவிடாமல் வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புவது இத்தகைய வழக்குகளில் முதல் தற்காப்பு.

பழைய கடன்களுக்குக் கால வரம்பு உண்டு. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி சாதாரணப் பணக் கடனுக்கும் புரோநோட்டுக்கும் வழக்குப் போட 3 ஆண்டுதான் கெடு. கெடு முடியும் முன் கடனாளி ‘பாக்கி உண்டு’ என்று கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தாலோ, ஒரு சிறு தொகையைக் கட்டி அது அவருடைய எழுத்து மூலம் பதிவானாலோ அந்த 3 ஆண்டு புதிதாகத் தொடங்கும். காலம் கடந்த கடனை அடைப்பதாகப் பின்னர் எழுதிக் கையெழுத்திட்டாலும் அது செல்லுபடியாகும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. பழைய பாக்கிக்காக வரும் வசூல்காரர் ‘ஐந்நூறு ரூபாயாவது கட்டி ஒரு கடிதம் கொடுங்கள்’ என்று வற்புறுத்துவதில் இந்தக் கணக்கு ஒளிந்திருக்கலாம்.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் வாரிசுகள் சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தில் தங்களுக்கு வந்த அளவுக்கு மட்டுமே அவர்கள் பொறுப்பு. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் நிலை வேறு. ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், கடனாளிக்குச் சமமான பொறுப்பு அவருக்கும் உண்டு. கடனாளியைக் கேட்காமல் நேரடியாக அவரிடமே கேட்கலாம்.

கடன் கொடுத்தவர் யார்?

கடன் தருவோரை மூன்றாகப் பிரிக்கலாம். ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள வங்கிகளும் வங்கிசாரா நிதி நிறுவனங்களும் முதல் வகை. மாநிலச் சட்டங்களின் கீழ் வரும் வட்டிக்கடைக்காரர், அடகுக்கடைக்காரர், தனிநபர் ஆகியோர் இரண்டாம் வகை. எந்தப் பதிவும் இல்லாத தண்டல், மீட்டர் வட்டிக்காரர்களும் போலிச் செயலிகளும் மூன்றாம் வகை.

ரிசர்வ் வங்கியிடம் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களுக்கு மாநில வட்டிக்கடைச் சட்டங்கள் பொருந்தா என்று நெடும்பிள்ளி ஃபைனான்ஸ் எதிர் கேரள அரசு வழக்கில் 2022 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் முதல் வகை நிறுவனங்களின் வட்டிக்கு மாநில அரசு உச்சவரம்பு விதிக்க இயலாது. கடன் ஒப்பந்தத்தின் நகலும் ரசீதில் உள்ள பதிவுப் பெயரும் இதனால்தான் முக்கியமாகின்றன. கடைப் பலகையில் ஒரு பெயரும் ஒப்பந்தத்தில் இன்னொரு நிறுவனத்தின் பெயரும் இருப்பது சாதாரணம். வழக்கும் புகாரும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரின் மீதே போக வேண்டும்.

வசூல் முகவருக்கான வரம்பு

வங்கிகளுக்கான நியாய நடைமுறை விதிகளை ரிசர்வ் வங்கி 2003-இல் வெளியிட்டது. வசூல் முகவர்கள் பற்றி 2008 ஏப்ரலில் விரிவான வழிகாட்டுதல் வந்தது; 2022 ஆகஸ்டில் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. கடனாளியையோ அவரது குடும்பத்தினர், நண்பர்கள், சிபாரிசு செய்தவர்களையோ பொது இடத்தில் அவமானப்படுத்தக் கூடாது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. பெயர் சொல்லாத மிரட்டல் அழைப்பு, தகாத குறுஞ்செய்தி, ஓயாத அழைப்பு, பொய்யான தகவல் ஆகிய அனைத்தும் தடை செய்யப்பட்டவை.

முகவர் வீட்டுக்கு வரும்போது அடையாள அட்டையும் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும். எந்த முகவரிடம் கணக்கு ஒப்படைக்கப்பட்டது என்பதைக் கடனாளிக்கு வங்கி முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். முகவர் செய்யும் தவறுக்கு வங்கியே பொறுப்பு. ‘அது வெளி ஏஜென்சி’ என்று கைகழுவ முடியாது. கடனாளி கொடுத்த புகார் நிலுவையில் இருக்கும்போது, அது வெறும் சாக்கு என்று வங்கி உறுதியாகக் கருதினால் ஒழிய, அந்தக் கணக்கை முகவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதும் 2008 வழிகாட்டுதலில் உள்ளது. வாய்ச்சண்டையைவிட எழுத்துப் புகாருக்கு வலு அதிகம் என்பதற்கு இந்த ஒரு விதியே போதும்.

பாக்கித் தொகையின் கணக்கும் கேள்விக்கு உரியது. தாமதத்துக்கான தண்டனையை வட்டியாகச் சேர்த்து அதற்கும் வட்டி போடும் பழக்கத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கையால் நிறுத்தியது. 2024 முதல் அதைத் தனிக் கட்டணமாக மட்டுமே வசூலிக்க வேண்டும். அசலோடு சேர்க்கக் கூடாது. 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்களுக்கு ஆண்டு மொத்தச் செலவு விகிதம், கட்டணங்கள், தவணை அட்டவணை ஆகியவற்றைச் சொல்லும் முக்கிய விவர அறிக்கையைக் கடனாளிக்குத் தர வேண்டும். அந்த அறிக்கையில் இடம்பெறாத கட்டணத்தைக் கடனாளியின் வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்க இயலாது.

குழுக்கடன்

தமிழகக் கிராமங்களிலும் நகரங்களின் குடிசைப் பகுதிகளிலும் பெண்கள் வாங்கும் குழுக்கடனுக்குத் தனி விதிகள் உள்ளன. 2010-இல் ஆந்திரத்தில் நுண்கடன் வசூல் நெருக்கடி வெடித்து, அந்த மாநில அரசு அக்டோபரில் அவசரச் சட்டம் கொண்டு வந்தது. அதன் பிறகு மாலேகாம் குழுவின் பரிந்துரைப்படி ரிசர்வ் வங்கி இத்துறையை ஒழுங்குபடுத்தத் தொடங்கியது. 2022 மார்ச்சில் வந்த விதிகள்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமின்றித் தரும் கடனே நுண்கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நான்கைந்து நிறுவனங்கள் ஒரே நேரத்தில் கடன் கொடுத்துவிட்டுப் பிறகு நெருக்கினால், அது கடனாளியின் தவறு மட்டுமல்ல, கொடுத்தவர்கள் விதியை மீறியதும்தான்.

வசூலுக்கான இடத்தை இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டும். அந்த இடத்துக்குக் கடனாளி அடுத்தடுத்து இரண்டு முறை வராவிட்டால்தான் ஊழியர் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ போகலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது. கடனாளியின் பெயரைப் பொதுவில் வெளியிடுவதும், உறவினரையும் உடன் வேலை செய்பவரையும் நச்சரிப்பதும் தடை. ஒருவர் தவணை கட்டாததற்காகச் குழுவின் சென்டர் கூட்டத்தில் மற்ற உறுப்பினர்களை இரவு வரை எழுந்து போகவிடாமல் உட்கார வைப்பது இந்த விதிகளுக்கு எதிரானது; பாரதிய நியாய சன்ஹிதையின்படி முறையற்ற தடுப்பு என்ற குற்றமாகவும் அமையலாம்.

வண்டியும் வீடும்

டியூ கட்டாத இருசக்கர வாகனத்தையோ ஆட்டோவையோ நடுச்சாலையில் மறித்து ‘சீஸ்’ செய்வது பழகிப்போன காட்சி. வண்டிக் கடன் ஒப்பந்தங்களில் திரும்ப எடுக்கும் உரிமை எழுதப்பட்டிருக்கும். ஆனால் அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு எல்லை உண்டு. ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி தொடர்பான வழக்கில் 2007 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அடியாட்களைக் கொண்டு வண்டியைப் பறிக்கும் முறையைக் கடுமையாகக் கண்டித்தது. சிட்டிகார்ப் மாருதி ஃபைனான்ஸ் வழக்கில் 2011 நவம்பரில் அதே நீதிமன்றம், வாடகைக் கொள்முதல் ஒப்பந்தம் இருந்தாலும் சட்ட வழிகளில் மட்டுமே வண்டியைக் கைப்பற்ற வேண்டும் என்று உறுதி செய்தது. முன்னறிவிப்பு தராமல், பலத்தைப் பயன்படுத்தி எடுக்கப்பட்ட வண்டிக்காகக் கடனாளி நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம். பறித்தபோது வண்டிக்குள் இருந்த பொருட்கள், விற்ற விலை, விற்பனைக்கு முன் வந்த நோட்டீஸ் ஆகியவற்றின் விவரத்தைக் கேட்டு உடனே கடிதம் அனுப்புவது நல்லது.

வீட்டை அடமானம் வைத்த கடனில் வங்கியின் கையில் இருக்கும் வலுவான ஆயுதம் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம். நீதிமன்றத்துக்குப் போகாமலே சொத்தை எடுத்து விற்க அது அனுமதிக்கிறது, ஆனால் படிப்படியாகத்தான். முதலில் 13(2) பிரிவின் கீழ் 60 நாள் கெடுவோடு நோட்டீஸ். கடனாளி ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாட்களுக்குள் காரணத்துடன் பதில் தர வேண்டும். பிறகே 13(4) பிரிவின்படி சொத்தைக் கையகப்படுத்தும் அறிவிப்பு. உள்ளே இருப்பவர்களை வெளியேற்ற மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ ஆணை பெற வேண்டும். வங்கி ஊழியரே பூட்டை உடைக்க முடியாது. கையகப்படுத்தும் நடவடிக்கை நடந்த 45 நாட்களுக்குள் கடனாளி 17-ஆம் பிரிவின்படி கடன் வசூல் தீர்ப்பாயத்தை நாடலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை ஆகிய நகரங்களில் இத்தீர்ப்பாயங்கள் உள்ளன. தீர்ப்பாயத்தை நாடுவதற்கே கோரிய தொகையில் 75 விழுக்காட்டைக் கட்ட வேண்டும் என்ற பழைய நிபந்தனையை மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. விவசாய நிலத்துக்கும், பாக்கித் தொகை அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள கணக்குக்கும் இச்சட்டம் பொருந்தாது.

கடன் முழுவதும் அடைந்த 30 நாட்களுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இந்த விதி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

கந்துவட்டி

சந்தைக் கடைக்காரர் ஒருவர் தண்டலில் 10,000 ரூபாய் வாங்குவதாக வைத்துக்கொண்டால், 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய்தான் கைக்கு வரும். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி ஏறத்தாழ 120 விழுக்காடு. 15 விழுக்காடு என்று நினைத்து வாங்குபவருக்கு இது கண்ணில் படுவதில்லை.

இதைத் தடுக்கத் தமிழ்நாடு 2003-இல் அதிக வட்டி வசூலிப்பதைத் தடை செய்யும் சட்டம் கொண்டு வந்தது. நாள் வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே அது தடை செய்கிறது. மீறினால் 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. தண்டனையைவிடக் கடனாளிக்குப் பயன்படுபவை இரண்டு பிரிவுகள். நியாயமாகத் தர வேண்டிய தொகையை நீதிமன்றத்தில் கட்டிக் கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கோரலாம் என்பது ஒன்று. மிரட்டிப் பறித்த வீடு, நிலம் போன்றவற்றைத் திரும்பப் பெற மனுச் செய்யலாம் என்பது மற்றொன்று. கடனாளியோ குடும்பத்தினரோ தற்கொலை செய்துகொண்டு, அதற்குச் சற்று முன்னர் அவர்கள் துன்புறுத்தப்பட்டது நிரூபணமானால், கடன் கொடுத்தவர் தற்கொலைக்குத் தூண்டியதாகவே கருதப்படுவார். அப்படி இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு.

சட்டம் இருந்தும் 2017 அக்டோபர் 23 அன்று, குறைதீர்க்கும் நாளான திங்கள்கிழமை, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பத்தில் கணவன், மனைவி, இரு பெண் குழந்தைகள் தீக்கு இரையாயினர். புகார் மனுவை வாங்குவதற்கும் வழக்குப் பதிவதற்கும் இடையிலான இடைவெளியை அந்தச் சம்பவம் நாட்டுக்குக் காட்டியது. 2022 ஜூனில் தமிழகக் காவல்துறை ‘ஆபரேஷன் கந்துவட்டி’ என்ற பெயரில் நிலுவைப் புகார்கள் மீது நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் 2025-இல் பணக்கடன் வழங்கும் நிறுவனங்களின் வலுக்கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. கடன் தரும் நிறுவனங்களின் பதிவு, வலுக்கட்டாய வசூலுக்கு 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் ஆகியவை அதன் முக்கியக் கூறுகள்.

இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் சாட்சியமின்மையால் தளர்கின்றன. கொடுத்தவர் கையில் தொகை எழுதாத புரோநோட்டும் வெற்றுக் காசோலையும் பவர் பத்திரமும் இருக்கும். வாங்கியவர் கையில் ரசீது இருக்காது. கட்டிய தேதியையும் தொகையையும் குறித்து வைத்த சிறு நோட்டு, ஜி-பே போன்ற செயலி வழியே அனுப்பிய பதிவு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவைதான் அங்கே பேசும். தொலைபேசி மிரட்டலின் ஒலிப்பதிவைச் சான்றாக்க, பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். மூலக் கோப்பு உள்ள கைப்பேசியை அழிக்காமல் வைத்திருப்பதும் அவசியம்.

செயலிக் கடன்

இந்தியர்கள் பயன்படுத்தும் செயலிக் கடைகளில் இருந்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்று ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021 நவம்பரில் அறிக்கை தந்தது. தொடர்பு எண்களைத் திருடுவதும், படத்தை ஆபாசமாக மாற்றி உறவினருக்கு அனுப்புவதும் இவற்றின் வசூல் முறை.

2022 செப்டம்பரில் வந்து, 2025 மே மாதத்தில் புதுப்பிக்கப்பட்ட மின்னணுக் கடன் விதிகள் பல தடைகளை விதித்தன. செயலி கைப்பேசியின் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, படக்கோப்புகள் ஆகியவற்றைத் தொடக் கூடாது. கடன் தொகை நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேரே கடனாளியின் கணக்குக்கு வர வேண்டும். குறிப்பிட்ட அவகாசத்துக்குள் அசலையும் அந்த நாட்களுக்கான செலவையும் மட்டும் செலுத்தி, அபராதமின்றிக் கடனைக் கைவிடலாம். ரிசர்வ் வங்கி தன் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்களின் செயலிகளை 2025 ஜூலை முதல் தன் தளத்தில் பட்டியலிடுகிறது. அதில் இல்லாத செயலி என்றால் புகார் போக வேண்டிய இடம் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவு. 1930 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம். பணப்பறிப்பு, மிரட்டல், பெண்ணின் கண்ணியத்துக்கு இழுக்கு ஆகியவற்றுக்குப் பாரதிய நியாய சன்ஹிதையின் 308, 351, 79 ஆகிய பிரிவுகளும், ஆபாசப் படத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவும் பொருந்தும்.

கடன் பதிவு

டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள் 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. பேச்சுவழக்கில் எல்லாமே ‘சிபில் ஸ்கோர்’தான். மதிப்பெண் 300 முதல் 900 வரை. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையைத் தனிநபருக்கு இலவசமாகத் தர வேண்டும்.

அறிக்கையில் மதிப்பெண்ணைவிட உள்ளே இருக்கும் வரிகளே முக்கியம். ஒவ்வொரு கடனுக்கும் மாதவாரியாக எத்தனை நாள் தாமதம் என்ற எண் இருக்கும். ‘குளோஸ்டு’ என்றால் முழுவதும் அடைந்த கடன். ‘செட்டில்டு’ என்றால் குறைந்த தொகைக்குப் பேசி முடித்தது. அடுத்த கடன் கேட்கும்போது இது தடையாகும். ‘ரிட்டன் ஆஃப்’ என்றால் வங்கி தன் கணக்கில் தள்ளி எழுதியது. கடன் ரத்தானதாகப் பொருள் இல்லை. பேசி முடிக்கும் முன்பே, பதிவில் என்ன எழுதப்படும் என்பதைக் கடிதத்தில் வாங்கிக்கொள்வது பின்னாளில் உதவும். வாங்காத கடன், பெயர் ஒத்த இன்னொருவரின் கணக்கு, அடைத்தும் மூடாத கணக்கு ஆகியவை அடிக்கடி காணப்படும் பிழைகள்.

பிழைத் திருத்தக் கோரிக்கை வந்தால் கடன் நிறுவனம் 21 நாட்களுக்குள் சரியான தகவலை அனுப்ப வேண்டும். 30 நாட்களுக்குள் விஷயம் முடிய வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. தாமதம் யாருடையதோ அவரே தர வேண்டும். இந்த ஏற்பாடு 2024 ஏப்ரல் 26 முதல் நடப்பில் உள்ளது.

தவறான பதிவுக்கு இழப்பீடு கேட்கும் வழியில் ஒரு பள்ளமும் உண்டு. ‘கோச்சடையான்’ படத்தின் இறுதிக்கட்டப் பணிகளுக்காகச் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியாவிடம் ஒரு விளம்பர நிறுவனம் 10 கோடி ரூபாய்க் கடன் பெற்றது. ஒரே தவணைத் தீர்வில் கணக்கை முடித்த பிறகும் அந்த நிறுவனத்தை வங்கி நிலுவைதாரர் என்று சிபிலுக்குத் தெரிவித்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 75 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. 2025 பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. கடன் லாப நோக்குள்ள வணிகத்துக்கானது, ஆகவே அந்த நிறுவனம் ‘நுகர்வோர்’ ஆகாது என்பது காரணம். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கிய ஆட்டோ, தையல் இயந்திரம் போன்றவற்றுக்கான கடன் இந்த விலக்கில் சேராது. நிறுவனங்கள் வணிகத்துக்காக வாங்கும் கடனுக்கு உரிமையியல் நீதிமன்றம் போன்ற வேறு வழிகளே மிஞ்சும்.

புகார் செல்லும் வழி

வங்கி, நிதி நிறுவனம் மீதான புகார் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்து மூலம் போக வேண்டும். கடன் கணக்கு எண், சம்பவம் நடந்த தேதி, நேரம், வந்தவர் பெயர், அழைத்த எண், சொன்ன சொற்கள், கேட்கும் பரிகாரம் ஆகியவற்றை அதில் குறிக்க வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். 2021 நவம்பர் 12 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டம் மூன்று பழைய திட்டங்களை ஒன்றாக்கியது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. இழப்புக்கு 20 லட்சம் ரூபாய் வரையும், மன உளைச்சலுக்கும் அலைச்சலுக்கும் 1 லட்சம் ரூபாய் வரையும் வழங்க அத்திட்டம் வழிவகுத்தது. கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பரில் இதற்குள் கொண்டு வரப்பட்டன. அதே விவகாரம் நீதிமன்றத்தில் இருந்தால் குறைதீர்ப்பாளர் அதை ஏற்க மாட்டார். எந்த வழியை முதலில் எடுப்பது என்பதை யோசித்தே முடிவு செய்ய வேண்டும்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். சேவைக்குக் கொடுத்த மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. சம்பவத்திலிருந்து 2 ஆண்டு கெடு. 1915 என்ற உதவி எண்ணில் முதற்கட்ட ஆலோசனை கிடைக்கும்.

நிதி நிறுவனங்கள் இப்போது நடுவர் தீர்ப்பாய நோட்டீஸை அதிகம் அனுப்புகின்றன. அதைக் குப்பையில் போட்டால் கடனாளி இல்லாமலே தீர்ப்பு வந்து, நீதிமன்றத் தீர்ப்பாணைபோல் நிறைவேற்றப்படும். தீர்ப்பில் ஆதாயம் உள்ள தரப்பு தானே தனி நடுவரை நியமிக்க முடியாது என்று பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. இந்த ஆட்சேபத்தை முதல் நோட்டீஸுக்கான பதிலிலேயே எழுத வேண்டும். தீர்ப்பு வந்துவிட்டால் அதை நீக்கக் கோர 3 மாதம் அவகாசம்.

இலவசச் சட்ட உதவியும் கடைசி வழியும்

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. குழுக்கடன் வாங்கியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள். எனவே அந்தப் பெண்கள் அனைவரும் இந்த உதவிக்கு உரியவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் வட்ட அளவிலும் இதற்கான அலுவலகங்கள் உள்ளன. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நோட்டீஸுக்குப் பதில் எழுதுவது முதல் மேல்முறையீடு வரை எல்லாவற்றுக்கும் இந்த உதவி பொருந்தும்.

மக்கள் நீதிமன்றத்தில் வழக்குக்கு முன்பே கடனைப் பேசித் தீர்க்கலாம். அங்கே ஆகும் உடன்பாடு உரிமையியல் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆகவே கையெழுத்திடும் முன் தொகை, தவணை, மீதிக் கடன் தள்ளுபடி, கடன் பதிவில் எழுதப்படும் சொல், காசோலையும் பத்திரமும் திரும்பும் தேதி ஆகிய ஐந்தும் உடன்பாட்டில் உள்ளனவா என்று பார்ப்பது நல்லது.

எந்த வழியிலும் அடைக்க முடியாத கடனுக்குத் திவால் சட்டம் இருக்கிறது. தனிநபருக்கான புதிய ஏற்பாடுகள் 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு, திவால் சட்டத்தின் மூன்றாம் பகுதியில் எழுதப்பட்டுள்ளன. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும் சொத்து 20,000 ரூபாய்க்கும் கடன் 35,000 ரூபாய்க்கும் மிகாத ஏழைகளுக்குக் கடனை ரத்து செய்து புதிதாகத் தொடங்க வழிசெய்யும் பிரிவும் அதில் உண்டு. ஆனால் அந்தப் பகுதி 2019 டிசம்பரில், நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. மற்றவர்கள் இன்றும் சென்னையில் 1909-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும், பிற மாவட்டங்களில் 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டத்தின்படியும்தான் ஐ.பி. எனும் நொடிப்பு மனுவைக் கொடுக்க வேண்டும். நீதிமன்றம் நொடிப்பாளி என்று அறிவித்தால் சொத்துகள் அதிகாரபூர்வப் பொறுப்பாளரிடம் போகும். விடுவிப்பு ஆணை கிடைத்ததும் மோசடியால் வந்தவை போன்ற சில கடன்கள் தவிர மற்றவை நீங்கும். சொத்து எதையும் மறைத்தால் விடுவிப்பு கிடைக்காததோடு தண்டனையும் உண்டு. மஞ்சள் கடுதாசி கொடுப்பதை ஊர் இன்னும் இழிவாகப் பார்த்தாலும், நேர்மையாகத் தோற்றுப்போன கடனாளிக்குச் சட்டம் விட்டு வைத்திருக்கும் முறையான வெளியேற்றம் அதுதான். ஏழைகளுக்கான புதிய பிரிவு நடைமுறைக்கு வரும்வரை, வழக்குச் செலவைத் தாங்க முடிந்தவருக்கோ இலவச வழக்கறிஞரை நாடத் தெரிந்தவருக்கோ மட்டுமே அந்த வழி எட்டும்.